சூரை மீனின் வயது, வளர்ச்சி, வலசை: மலையகச் சந்தையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைச் சந்தைகளுக்கு விடியற்காலையில் ஐஸ் போட்டு வரும் மீனில் பலயாவும் (ஸ்கிப்ஜாக்) சிறிய கெலவல்லாவும் (யெலோஃபின்) அடிக்கடி இருக்கும். இரண்டும் சூரை இனங்கள். அவற்றின் தலைக்குள் இருக்கும் காதுக்கற்களில் நாளுக்கு நாள், ஆண்டுக்கு ஆண்டு வளையம் படிகிறது. அந்த வளையங்களைப் படிக்கக் கடற்கரையில் குடியிருக்க வேண்டியதில்லை. உயர்தர உயிரியல் மாணவர், ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்குபவர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி.

புதிதாகத் தொடங்கும் எல்லோரும் நல்ல நுணுக்குக்காட்டி கிடைக்குமா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான மாதிரிகள் மீன்கடைப் பலகையிலேயே வீணாகின்றன. நீளம் எடுக்குமுன் மீனை வெட்டிவிட்டால், எந்தக் கடலில் எப்போது பிடிபட்டது என்று கேட்காமல் விட்டால், பிறகு எவ்வளவு அழகாகக் கல்லைத் தேய்த்தாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள்

வயது, வளர்ச்சி, வலசை மூன்றும் மூன்று வேலைகள். வயதுக்கு ஒரு கல் போதும். வளர்ச்சிக்குச் சிறியது முதல் பெரியது வரை பல நீளங்களில் மீன் வேண்டும். வலசைக்குக் கல்லின் இரசாயனமோ அடையாள நாடா போட்ட மீனோ வேண்டும்.

வளர்ச்சிதான் நோக்கமென்றால் ஒவ்வொரு 5 செ.மீ. நீள வகுப்புக்கும் குறைந்தது 10 மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரே அளவு மீனில் நூறு சேர்த்தாலும் வளர்ச்சிக் கோடு வரைய முடியாது. அது ஒரே இடத்தில் குவிந்த புள்ளிக்கூட்டமாகத்தான் இருக்கும்.

சூரையில் கைவைக்குமுன் காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் பிடிபடும் திலாப்பியாவில் கல்லெடுத்துப் பழகுங்கள். உடம்பின் அளவுக்கு அதன் கல் பெரியது, எளிதில் அகப்படும். கெண்டை இன மீன்களில் பழக வேண்டாம். அவற்றில் சஜிட்டா என்ற கல் (சூரையில் நாம் எடுக்கப்போவது இதைத்தான்) ஊசிபோல் மெலிந்து, அஸ்டரிஸ்கஸ் என்ற வேறொரு கல் பெரிதாக இருக்கும். அதில் பழகிய கை சூரைத் தலையில் தவறான இடத்தில் தேடும்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

சந்தைக்கு: அளவுகோல் பதித்த மரப்பலகை, பென்சில், தடித்த காகிதச் சீட்டுகள், பொலித்தீன் பைகள், ஐஸ் பெட்டி. பேனா வேண்டாம், மீன் நீரில் மை கரைந்துவிடும்.

கல் எடுக்க: கூரிய கத்தி, இரும்பு அறுக்கும் வாளின் பிளேடு, நுனி மெலிந்த இடுக்கி இரண்டு, மென்மையான தூரிகை, மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் குழாய்கள்.

தேய்க்க: கண்ணாடி வழுக்கிகள், சூட்டில் இளகும் பசை (கிறிஸ்டல்பொண்ட் என்று விற்பது) அல்லது சுப்பர் குளூ, அசற்றோன், வாகனப் பூச்சுக் கடைகளில் கிடைக்கும் 600, 800, 1200, 2000 இலக்க வாட்டர் பேப்பர்.

பார்க்க: ஆண்டு வளையத்துக்கு 10 முதல் 40 மடங்கு உருப்பெருக்கம் போதும். நாள் வளையத்துக்கு 400 முதல் 1000 மடங்கு வரை வேண்டும். பாடசாலை ஆய்வுகூட நுணுக்குக்காட்டியிலேயே 400 மடங்கு கிடைக்கும்.

3. சந்தையில்: கத்திக்கு முன்னம் அளவு

வியாபாரியிடம் முதல் நாளே கதைத்து வையுங்கள். “அண்ணே, வெட்டுறதுக்கு முன்ன ஒரு நிமிசம் அளவு எடுத்துக்கிறேன், தலைய ரெண்டா பிளக்காம குடுங்க” என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. சன நெரிசலுக்கு முன்னம் போவது முக்கியம். குழம்புக்காகத் தலையை நடுவால் பிளந்துவிட்டால் ஒரு கல்லாவது உடையும் அல்லது தொலையும்.

முதலில் இனத்தைச் சரியாகப் பிரியுங்கள். பலயாவின் வயிற்றில் நீளவாட்டில் 4 முதல் 6 கரிய கோடுகள் ஓடும், முதுகில் கோடு இராது. அட்டவல்லா, அலகொடுவா இரண்டும் சிறு சூரைகள். அட்டவல்லாவின் முதுகின் பின்பாதியில் சாய்வான அலைக்கோடுகளும், மார்புச் செட்டைக்குக் கீழே சில கரும்புள்ளிகளும் இருக்கும். அலகொடுவாவின் இரண்டு முதுகுச் செட்டைகளுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரியும்.

அதிகம் தவறுவது இளம் கெலவல்லாவிலும் இளம் பெருங்கண் சூரையிலும். கெலவல்லாவின் பக்கங்களில் வெள்ளைக் கோடும் புள்ளி வரிசையும் மாறி மாறி வரும். ஐஸில் கிடந்த மீனில் இந்த அடையாளம் மங்கிவிடும் என்பதால் வயிற்றைத் திறந்து ஈரலையும் பாருங்கள். பெருங்கண் சூரையின் ஈரலின் கீழ்ப்புறத்தில் வரிவரியாக இரத்தக்குழாய்கள் தெரியும், கெலவல்லாவின் ஈரல் வழவழப்பாக இருக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் வளர்ச்சிக் கோடே பொய்யாகும்.

அடுத்து கவை நீளம். வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வாலின் கவைப்பிளவின் நடுவரை பலகையில் நேர்கோட்டில் அளக்க வேண்டும். தையல் நாடாவை உடம்பின் மேலாகப் போட்டு அளந்தால் வளைவும் சேர்ந்து நீளம் கூடும். சூரை தடித்த உடம்புக்காரன், வேறுபாடு சில செ.மீ. ஆகிவிடும். வால் நுனிவரை அளப்பதும் கூடாது, நுனி உடைந்திருக்கும்.

தலை மட்டும் கிடைக்கும் நாட்களும் உண்டு. அதற்காக முழு மீனாகக் கிடைக்கும்போதெல்லாம் தலை நீளத்தையும் (மூக்கு நுனி முதல் செவுள் மூடியின் பின்னோரம் வரை) சேர்த்தே எழுதுங்கள். ஓர் இனத்தில் 30 மீனாவது சேர்ந்த பிறகு தலை நீளத்துக்கும் கவை நீளத்துக்கும் ஒரு நேர்கோடு பொருத்தலாம். அதன் பிறகு வெறும் தலையிலிருந்தும் நீளத்தை மதிப்பிடலாம். இனத்துக்கு இனம் கோடு வேறு.

கடைசியாக, எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. “பேலியகொடையிலிருந்து” என்ற பதில் போதாது, அது மொத்தச் சந்தை. எந்தத் துறைமுகம், வாழைச்சேனையா, திருகோணமலையா, பேருவளையா என்று கேளுங்கள். ஒருநாள் படகா, பல நாள் படகா என்றும் கேளுங்கள். பல நாள் படகு வாரக்கணக்கில் கடலில் நிற்கும். அந்த மீனுக்குப் பிடிபட்ட திகதியை ஒற்றை நாளாக எழுதுவது தவறு, “ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 10 வரை” என்று வரம்பாக எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பிய கட்டம் பிற்பாடு உண்மையான தரவோடு கலந்துவிடும்.

4. கல்லை எடுத்தல்

தலை பாதி உறைந்த நிலையில் இருந்தால் அறுப்பது எளிது. முழுதும் உறைந்திருந்தால் கல்லைச் சுற்றிய சவ்வு கிழிந்து கல் நொறுங்கும். முழுதும் இளகினால் கத்தி வழுக்கும்.

தலையை நிமிர்த்தி வைத்து, கண்ணின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே தொடங்கிப் பிடரியை நோக்கிக் கிடையாக அறுங்கள். பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல் மண்டையோட்டின் மேற்பகுதி கழன்று வரும். உள்ளே வெளிறிய மூளை தெரியும். அதை இடுக்கியால் மெதுவாகத் தூக்கி அகற்றுங்கள். மூளையின் பின்பாதிக்குக் கீழே, இருபுறமும் ஒவ்வொரு குழி. அதில் தெளிந்த சவ்வுப்பைக்குள் வெள்ளையாகக் கிடப்பதுதான் சஜிட்டா.

மிகப் பொதுவான பிழை, கீழே இறக்கி அறுப்பது. கண்ணின் நடுவுக்கு நேராக வாள் போனால் இரண்டு கல்லும் அறுபடும். மேலே அறுத்து மூளை தெரியாவிட்டால் இன்னொரு சீவல் எடுக்கலாம், கீழே அறுத்ததைத் திருத்த வழியில்லை.

இடுக்கியால் கல்லைப் பிடிக்காதீர்கள், சவ்வைப் பிடித்து இழுங்கள். ஒரு மீட்டர் நீளக் கெலவல்லாவிலும் கல் ஏறத்தாழ 1 செ.மீ.தான் இருக்கும். அதன் முன்புறத்து நீண்ட முனை (ரொஸ்ட்ரம்) சிறு அழுத்தத்துக்கும் முறியும். இடது, வலது என்று அப்போதே பிரித்து வெவ்வேறு குழாயில் போடுங்கள். ஒன்று தேய்க்க, மற்றது கையிருப்புக்கு. பிறகு இரசாயனப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க நினைத்தால் அந்தக் கையிருப்புக் கல்லை உலோக இடுக்கியால் தொடாமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள்.

தலையைச் சமைத்துவிட்டுக் கல் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்க வரும், ஆனால் சூட்டில் கல் வெண்மையாகி வெடிப்பு விடக்கூடும். முதலில் கல், பிறகு குழம்பு. சுத்தமான கத்தி பாவித்தால் தலை வீணாகாது.

5. சுத்தம் செய்தல், சேமித்தல்

எடுத்த உடனே கொதித்தாறிய நீரில் தூரிகையால் சவ்வை நீக்குங்கள். சவ்வு காய்ந்து ஒட்டினால் பிறகு அதுவே மங்கிய வளையம்போல் தெரியும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் நீர்த்த வெளிற்றும் திரவத்தில் சில நிமிடம் விட்டு, மூன்று முறை அலசுங்கள்.

போமலினில் ஒருபோதும் போடாதீர்கள். கல் கல்சியம் காபனேற்றால் ஆனது. போமலின் நாளடைவில் அமிலமாகி விளிம்பைக் கரைக்கும். விளிம்பு கரைந்தால் கடைசி வளையம் போய்விடும். கல்லை உலர்த்தி வைப்பதே நல்லது.

மலையகத்தில் உலர்த்துவதுதான் சிக்கல். பனிமூட்டக் காலத்தில் மேசையில் திறந்து வைத்த கல் காயாது, காகிதச் சீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதிகளோடு இறுக மூடும் பிஸ்கட் டின்னில் ஓரிரு நாள் வைத்துவிட்டுக் குழாயில் அடைக்கவும். ஈரத்தோடு மூடிய குழாய்க்குள் எஞ்சிய தசை அழுகிக் கல்லைப் பழுதாக்கும்.

முடிந்தால் 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் உடையாத கல்லை நிறுங்கள். மீன் வளர்வது மந்தமான பிறகும் கல் எடை கூடிக்கொண்டே போகும். ஆகவே நீளம் சொல்லாத வயதுக் குறிப்பை எடை சொல்லும். வாசிப்பில் வந்த வயது எடையோடு பொருந்தாவிட்டால் அந்தக் கல்லைத் திரும்பப் பாருங்கள்.

6. வெட்டுமுகம் தயாரித்தல்

சூரையின் கல்லை முழுதாக வைத்துப் பார்த்தால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைத்து நிற்கும். குறுக்கு வெட்டுமுகம் வேண்டும், அது கருவின் ஊடாகப் போகவும் வேண்டும். கரு என்பது கல் உருவாகத் தொடங்கிய புள்ளி. கல்லின் முன்புறப் பிளவுக்குச் சற்றுப் பின்னால் அதைத் தேடுங்கள். கீழிருந்து ஒளி விட்டுப் பார்த்து, கூரிய பென்சிலால் நேரே மேலே ஒரு கோடு போடுங்கள்.

வைர வாள் இல்லாதவர்களுக்கு ஓரத்தில் ஒட்டும் முறை சரிவரும். வழுக்கியின் ஓரத்துக்கு வெளியே கல்லின் முன்பாதி நீட்டி நிற்க, பென்சில் கோடு ஓரத்துக்கு ஒரு மயிரிழை வெளியே இருக்கும்படி ஒட்டுங்கள். நனைத்த 800 வாட்டர் பேப்பரில் நீட்டி நிற்கும் பகுதியைத் தேயுங்கள். ஓரத்தை நெருங்கும்போது 1200க்கு மாறுங்கள். கரு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

பிறகு பசையை இளக்கி (சுப்பர் குளூவானால் அசற்றோனில் ஊறவிட்டு) கல்லைக் கழற்றி, தேய்த்த முகம் கீழே வர இன்னொரு வழுக்கியின் நடுவில் நிறுத்தி ஒட்டுங்கள். மறுபக்கத்தையும் அதே ஒழுங்கில் தேயுங்கள். ஆண்டு வளையத்துக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. தடிப்பில் நிறுத்தலாம். நாள் வளையத்துக்கு இன்னும் மெல்லியதாக, 0.1 மி.மீ.க்கும் கீழே போக வேண்டும். கடைசியாக 2000 தாளில் மினுக்குங்கள். மினுக்காத கீறல்கள் வளையம்போலவே தெரியும்.

பத்து உரசலுக்கு ஒரு தடவை நிறுத்தி நுணுக்குக்காட்டியில் பாருங்கள். கருவைத் தாண்டித் தேய்த்துவிட்டால் உள் வளையங்கள் காணாமல் போய் வயது குறைவாக வரும். அது பிழை என்று படத்தில் தெரியாது என்பதுதான் ஆபத்து. கருவைத் தாண்டிய கல்லைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், “ஏறத்தாழ” என்று சேர்க்காதீர்கள்.

பெரிய கல்லை எபொக்சி பிசினில் பதித்து வெட்டுபவர்கள் குளிரை மறக்கக் கூடாது. கொழும்பில் ஓரிரவில் இறுகும் பிசின் நுவரெலியாவின் இரவுக் குளிரில் இறுகாமல் ரப்பர்போல் இருக்கும், வெட்டும்போது கல் பிடுங்கிக்கொண்டு வரும். இழை பல்ப் ஒன்று எரியும் மூடிய பெட்டிக்குள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் வைத்து, நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத வரை காத்திருங்கள். அவசரத்தில் கடினமாக்கியைக் கூடச் சேர்ப்பது தீர்வல்ல. விகிதம் மாறினால் பிசின் ஒருபோதும் முறையாக இறுகாது.

7. வளையம் வாசித்தல்

வாசிப்பவருக்கு மீனின் நீளம் தெரியக் கூடாது. குழாய்க்கு எண் மட்டும் போட்டு, இன்னொருவரைக் கொண்டு வரிசையைக் கலைக்கச் சொல்லுங்கள். “இது பெரிய மீன்” என்று தெரிந்தால் கண் தானாகவே கூடுதல் வளையம் தேடும்.

குறுக்கு வெட்டுமுகத்தில் ஒரு கை குட்டையாகவும் ஒரு கை நீளமாகவும் இருக்கும். கருவிலிருந்து நீண்ட கையின் நுனிவரை, எல்லாக் கல்லிலும் அதே பாதையில் எண்ணுங்கள்.

கீழிருந்து ஒளி விட்டால் ஒளிபுகாப் பட்டை கறுப்பாகத் தெரியும். மேலிருந்து ஒளி விட்டுக் கறுப்புப் பின்னணியில் பார்த்தால் அதே பட்டை வெள்ளையாகத் தெரியும். ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் மறு முறையிலும் பார்த்து எண்ணிக்கையை ஒப்பிட்டுக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. எந்த ஒளி என்று தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

வெப்பக் கடலில் பருவத்துக்குப் பருவம் வெப்பநிலை அதிகம் மாறாததால் சூரையின் ஆண்டு வளையம் மங்கலானது. பலயாவில் அது மிகவும் நம்பகமற்றது. முதலாம் ஆண்டு வளையம் எது என்பதில்தான் வளையம் வாசிப்பவர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். இதற்கு வழி, சில இளம் மீன்களில் நாள் வளையங்களை எண்ணி, 365ஆம் வளையம் கருவிலிருந்து எத்தனை மைக்ரோமீற்றரில் வருகிறது என்று அளந்து வைப்பது. பெரிய மீனில் அந்தத் தூரத்துக்கு அருகே வரும் பட்டையை முதலாம் ஆண்டாகக் கொள்ளலாம்.

நாள் வளையம் எண்ணும்போது குவியத்தை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். இரண்டு கோடுகள் சேர்ந்து ஒன்றாகிவிட்டால் அது ஒரே நாளின் உட்கோடு. அப்படியே அசையாமல் நின்றால் தனி நாள். ஓராண்டைக் கடந்த மீனில் நாள் வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம். விளிம்பை நோக்கி அவை நெருங்கிக் கண்ணுக்குப் பிரியாமல் போக, வயது குறைவாக வரும்.

எண்ணிக்கையைப் பிடிபட்ட திகதியிலிருந்து கழித்தால் பிறந்த நாள் கிடைக்கும். ஆகஸ்ட் 15இல் பிடிபட்ட மீனில் 240 நாள் வளையம் என்றால், பிறப்பு முந்தைய டிசம்பர் 18ஐ ஒட்டி. பல நாள் படகு மீனானால் அந்த மூன்று வார வரம்பும் பிறந்த நாளோடு சேர்ந்தே வரும்.

8. வாசிப்பைச் சோதித்தல்

ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை, இடையில் ஒரு வாரமாவது விட்டு வாசியுங்கள். மூன்றின் நியம விலகலைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் மாறல் வீதம் வரும். 210, 222, 216 நாள் என்றால் சராசரி 216, விலகல் 6, மாறல் 2.8%. 3, 4, 3 ஆண்டு என்றால் மாறல் 17%. சிறு வயதில் ஓர் ஆண்டு தவறுவது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து விளங்கும். மீன் வயது வாசிப்பில் 5% என்பது பொதுவாகக் கொள்ளும் அளவுகோல். சூரையில் அது கூடலாம், ஆனால் எவ்வளவு என்று கட்டாயம் எழுதுங்கள்.

மூன்று வாசிப்பும் ஒத்துப்போவதால் மட்டும் வயது உண்மையாகாது. ஒரே தவறை மூன்று முறையும் செய்திருக்கலாம். வளையம் உண்மையில் ஆண்டுக்கு ஒன்றா என்பதை உறுதிப்படுத்த, மீனுக்கு ஒட்சிரெட்ராசைக்கிளின் ஏற்றி, நாடா போட்டுக் கடலில் விடுவார்கள். அந்த மருந்து கல்லில் ஒரு கோடாகப் படிந்து புறஊதா ஒளியில் ஒளிரும். மீன் திரும்பப் பிடிபட்டால் அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள வளையங்களையும் கடந்த நாட்களையும் ஒப்பிடலாம். இந்த வேலையை நீங்கள் செய்ய முடியாது. உங்கள் முடிவை அப்படி உறுதிசெய்த ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும்.

9. வளர்ச்சிக் கோடு

வயதைக் கிடையச்சிலும் கவை நீளத்தை நிலைக்குத்தச்சிலும் புள்ளியிடுங்கள். பொருத்தம் பார்க்குமுன் கண்ணால் பாருங்கள். தனியே விலகி நிற்கும் புள்ளி அநேகமாக இனம் மாறியது அல்லது சீட்டு மாறியது.

வழக்கமாகப் பொருத்துவது வொன் பெர்ட்டலன்பி சமன்பாடு: ஒரு வயதில் உள்ள நீளம் = எல்லை நீளம் × (1 − இயற்கை மடக்கையின் அடி எண் e-இன் அடுக்கு [−வேகம் × வயது]). பயிற்சிக்காக எல்லை நீளம் 150 செ.மீ., வேகம் ஆண்டுக்கு 0.4 என்று வைத்தால் 2 வயதில் 150 × (1 − 0.449) = 82.6 செ.மீ. வரும். இவை கணக்குப் பழக எடுத்த எண்கள், எந்த இனத்துக்கும் உரியவை அல்ல.

பெரிய மீன் இல்லாத தரவில் எல்லை நீளம் எங்கெங்கோ பறக்கும். மலையகச் சந்தைக்குப் பெரிய கெலவல்லா அரிதாகவே முழுதாக வருகிறது. அப்படியானால் “40 முதல் 70 செ.மீ. வரையான வளர்ச்சி” என்று மட்டும் எழுதி அதற்கு மேல் கோட்டை நீட்டாதீர்கள். இன்னொன்று: இந்து சமுத்திரக் கெலவல்லா இளமையில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் வளர்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே வளைவு பொருந்தாமல் போனால் உங்கள் வாசிப்பைக் குறைசொல்லுமுன் இதை நினைவில் வையுங்கள்.

10. வலசை

பிடிபட்ட இடம் ஒன்றை வைத்து மீன் வந்த பாதையைச் சொல்ல முடியாது. பாதையை அறிய இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது அடையாள நாடா. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் மேற்பார்வையில் 2005 முதல் 2007 வரை நடந்த பெரிய திட்டத்தில் 1 லட்சத்து 68 ஆயிரம் சூரைகளுக்கு நாடா போட்டார்கள், பெரும்பாலும் தன்சானியாக் கடலில். நாடா மீனில் விட்ட இடம், பிடித்த இடம், இரு நீளங்கள், இடைப்பட்ட நாட்கள் கிடைக்கும். வயதே தெரியாமல் வளர்ச்சி வேகத்தைக் கணிக்கலாம். 52 செ.மீ.இல் விட்ட மீன் 200 நாள் கழித்து 68 செ.மீ.இல் பிடிபட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 2.4 செ.மீ. ஆனால் இரு புள்ளிக்கும் இடையிலான நேர்தூரம் மீன் நீந்திய தூரம் அல்ல, அது ஆகக் குறைந்த தூரம் மட்டுமே.

இரண்டாவது கல்லின் இரசாயனம். கருவில் பிறந்த கடலின் குறியும் விளிம்பில் பிடிபட்ட கடலின் குறியும் பதிந்திருக்கும். ஒட்சிசன் சமதானிகள், ஸ்ரொன்சியம், பேரியம் ஆகியவற்றைக் கருவிலும் விளிம்பிலும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவார்கள். ஸ்ரொன்சியம், பேரியத்துக்கு லேசர் பொருத்திய நிறைமாலைமானி வேண்டும், ஒட்சிசன் சமதானிகளுக்கு வேறு வகை நிறைமாலைமானி வேண்டும். 4ஆம் படியில் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து வைத்த கையிருப்புக் கல் இதற்குத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ கொழும்பிலுள்ள நாரா (தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி) நிறுவனத்திலோ ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. நீளம், திகதி வரம்பு, துறைமுகம் மூன்றும் இல்லாத கல்லை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சந்தையில் முதுகுச் செட்டையருகே மெல்லிய பிளாஸ்டிக் நாடா குத்திய சூரையைக் கண்டால் நாடாவைப் பிடுங்கி எறிய விடாதீர்கள். எழுத்தையும் எண்ணையும் படமெடுத்து, கவை நீளம் அளந்து, துறைமுகத்தையும் படகு வகையையும் எழுதி, தலையை வாங்கி ஐஸில் வையுங்கள். பின்னர் நாடாவோடு நாராவுக்கோ கடற்றொழில் திணைக்கள அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். கல்லை நீங்களே எடுக்க வேண்டாம். மருந்து ஏற்றிய மீனாக இருந்தால் வெளிச்சம் படப் பட அந்தக் கோடு மங்கும். தலையை இருட்டில், குளிரில், முழுதாக ஒப்படையுங்கள்.